பக்கத்து சீட்டுக்கு மெத்தை போட்டவர்

இல்லைங்க, அவர் பைலட் இல்ல. பைலட் லைசென்ஸ் வெச்சிருக்கிறவர். ரெண்டும் ஒண்ணுதானேன்னு நீங்க கேக்கல. கேட்டுடுவீங்களோன்னு நானே முந்திக்கிட்டேன். வீட்ல ஆர்மோனியப் பெட்டி வெச்சிருக்கிறவங்க எல்லாரும் பாடவா செய்றாங்க?

விஷயத்துக்கு வர்றேன். உலகத்துல ஒரு ரகம் மனுஷங்க உண்டு. பழசை வாங்கிப் புதுசாக்குறவங்க. உங்களுக்கும் ரெண்டு பேரைத் தெரிஞ்சிருக்கும். பழைய ஸ்கூட்டரை வாங்கிட்டு வந்து, வாசல்ல கழட்டிப் போட்டு, வர்றவங்க போறவங்க எல்லாம் நட்டு போல்ட்டைத் தாண்டித் தாண்டிப் போற மாதிரி பண்ணி வெச்சிட்டு, "இன்னும் ஒரே ஒரு சாமான் வரணும், வந்துட்டா ஓடிடும்"னு சொல்றவர். பழைய வீட்டை வாங்கி, குடி போகாம, வாடகை வீட்லயே இருந்துக்கிட்டு, அங்க போய்ப் போய்க் குழாய் மாத்திட்டு வர்றவர். இவங்க எல்லாம் ஒரு பொருளை வெச்சுப் புழங்குறதுக்காக வாங்குறதில்ல. சரிபண்றதுக்காக வாங்குறாங்க. சரியாயிட்டா அவங்களுக்கு வேலை போயிடும். அதனால சரியாகவே விட மாட்டாங்க.

இந்த ரகத்துல எல்லாருக்கும் மேல, எட்ட முடியாத உயரத்துல ஒருத்தர் இருக்காரு. அவர் வாங்கினது விமானம்.

பெரிய விமானம்னு நினைச்சுப் பயந்துடாதீங்க. சின்னது. ரெண்டே சீட்டு. ரெண்டு பேர் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு உட்காரணும். மூக்குல ஒரு விசிறி, மேல ரெக்கை, அடியில மூணு சக்கரம். காத்து பலமா அடிச்சா கயிறு போட்டுக் கட்டி வைக்கணும்.

ஆளுக்குத் தொழில் அச்சகம். அங்கயும் அவர் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தா, எழுத்து கொஞ்சம் தடிமன்னு ஒரு தடவை மாத்துவாரு, ஓரத்துக் கோடு வளைஞ்சிருக்குன்னு ஒரு தடவை மாத்துவாரு, தங்கக் கலர் மங்கல்னு இன்னொரு தடவை மாத்துவாரு. பத்திரிகைக் கட்டு வந்து சேர்றப்ப, பொண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட்டுட்டுப் போறவங்களுக்குக் கை கூப்பிக்கிட்டு நிப்பாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த மாதிரி அழகான பத்திரிகையை வேற எவனும் அடிக்க முடியாது.

விமானம் வாங்கின நாள்லேர்ந்து அச்சகத்தைப் பார்த்துக்கிறது அவர் வீட்டம்மா. பத்திரிகை எல்லாம் நேரத்துக்குப் போக ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

அந்த அம்மாவுக்கு அந்த விமானத்தை முதமுதல்ல பார்த்தது நல்லா ஞாபகம் இருக்கு. ஊருக்கு வெளிய, ஒருத்தர் தோட்டத்துல, தகரக் கொட்டகை. விமானம் வெச்சிருந்த அண்ணன் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாரு. தம்பிக்கு டிராக்டர் நிறுத்தக் கொட்டகை வேணும். கதவைத் தள்ளித் திறந்தாரு. உள்ள புறாவெல்லாம் படபடன்னு எழும்பிச்சு. பறந்தது அதுங்க மட்டும்தான். நடுவுல தூசி மூடி, மூணு டயரும் தரையோட ஒட்டிப் போய், ஒரு பக்கமா சாஞ்சு நின்னுது அது.

"எவ்வளவு காலமா நிக்குதுங்க?" இது அவர்.

"அண்ணன் கடைசியா இறக்கி வெச்சது. அப்படியே நிக்குது."

"ஓடுமா?"

"இறக்கத்துல விட்டா ஓடும்."

அம்மா கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தாங்க. பஞ்செல்லாம் வெளிய வந்து, அதுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருந்துச்சு. "ஏங்க, எலி இருக்குங்க."

"எலி இருந்தா உள்ள ஈரம் இல்லைன்னு அர்த்தம்"னாரு. முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவுக்குப் புரிஞ்சு போச்சு. இனிமே எதைக் காட்டினாலும் அது நல்ல அம்சமாத்தான் தெரியும்.

ரெக்கையைக் கழட்டி, லாரியில ஏத்தி, விமான மைதானத்துக் கொட்டகைக்குக் கொண்டு வந்தாச்சு. அங்க ஒரு மெக்கானிக் இருக்காரு. அவரை எல்லாரும் 'போட்டுடலாம்'னு கூப்பிடுவாங்க. எதைக் கேட்டாலும் அவர் வாயிலேர்ந்து வர்ற பதில் அது ஒண்ணுதான். முடியாதுங்கிற வார்த்தையை அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. புதுசாக்குறவருக்கு இப்படி ஒரு ஆள் கிடைக்கலாமா? கிடைச்சிடுச்சு.

முதல்ல பண்ணினது எல்லாம் நியாயமான வேலைதான், பொய் சொல்லக் கூடாது. டேங்குல இருந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆயிருந்துச்சு, கழுவினாங்க. எஞ்சினுக்குள்ள துரு, பிரிச்சு சரிபண்ணினாங்க. ரப்பர் குழாயெல்லாம் குச்சி மாதிரி விறைச்சுப் போயிருந்துச்சு, மாத்தினாங்க. காத்து போற குழாயில குளவி மண்ணால வீடு கட்டியிருந்துச்சு, குத்தி எடுத்தாங்க. டயர் புதுசு, பிரேக் புதுசு, எலிக் குடும்பத்துக்கு வேற இடம். ஒரு நாள் எஞ்சினைக் கிளப்பினாங்க. கொஞ்சம் இருமிட்டு, சும்மா கும்முனு ஓடிச்சு. பூனை மடியில உட்கார்ந்து குர்ர்ருனு இழுக்குமே, அந்த மாதிரி.

"அவ்வளவுதானே? இனி பறக்கலாமே"ன்னாங்க அம்மா.

அவர் திரும்பிப் பார்த்தாரு. பந்தியில உட்கார்ந்தவனைப் பாதியில எழுப்பின மாதிரி ஒரு பார்வை.

"பறக்கலாம். ஆனா இந்த ரேடியோ பழசு."

"போட்டுடலாம்"னாரு மெக்கானிக்.

அங்க ஆரம்பிச்சது.

இந்தச் சமயத்துலதான் அவங்க பொண்ணுக்குக் குழந்தை பிறந்துச்சு. பொண்ணு இருக்கிறது தூரத்து ஊர். பஸ்ல போனா ஒரு பகல் முழுக்கப் போகணும், இறங்குறப்ப இடுப்பு தனியா இறங்கும். பிரசவத்துக்கு அம்மா கிளம்பத் தயாரா பெட்டி கட்டி வெச்சிருந்தாங்க. அதுக்குள்ள குழந்தை சொன்ன தேதிக்கு முன்னாடியே அவசரப்பட்டு வந்துடுச்சு. பொம்பளைப் பிள்ளை. சம்பந்தியம்மா பக்கத்துலயே இருந்து எல்லாம் பார்த்துக்கிட்டாங்க.

"நாளைக்கு பஸ் ஏறட்டுமா?"ன்னு கேட்டாங்க அம்மா.

"பஸ்லயா?" அவருக்கு ரோஷம் வந்துடுச்சு. "பேத்தியைப் பார்க்க பஸ்ல போறதுக்கா நான் விமானம் வாங்கினேன்? நீ என் பக்கத்துல உட்காரு. ஒண்ணரை மணி நேரம். பாட்டி எப்படி வந்தாங்கன்னு நாளைக்கு அவ கேட்டா, ஆகாசத்துலேர்ந்து இறங்கி வந்தாங்கன்னு சொல்ல வேணாமா? இந்த வாரம் ரேடியோ. அடுத்த வாரம் கிளம்பறோம்."

அம்மாவுக்கும் ஆசை வந்துடுச்சு. யாருக்குத்தான் வராது? பெட்டியை அவிழ்க்காம அப்படியே கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சாங்க.

அன்னையிலேர்ந்து அந்த வீட்ல காலண்டர் தேவைப்படல. ரேடியோ வந்தப்ப குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்துச்சு. வட்ட வட்டமா இருந்த பழைய மீட்டரையெல்லாம் பிடுங்கிட்டு, பெரிசா ஒரு திரை வெச்சாரு பாருங்க, அன்னைக்குத்தான் அது முகம் பார்த்துச் சிரிச்சுது. அந்த முதல் சிரிப்பு இருக்கே, பல்லில்லாத வாயை ஒரு பக்கமா கோணிக்கிட்டு, நம்மளைப் பார்த்துதான் சிரிக்குதா பின்னாடி ஃபேனைப் பார்த்துச் சிரிக்குதான்னு தெரியாத மாதிரி ஒரு சிரிப்பு, அதுக்கு முன்னாடி எந்தத் திரை நிக்கும்? அம்மா அதை போன்ல பார்த்தாங்க. போனை ஓடி எடுத்துட்டு வந்து அவர்கிட்ட காட்டினாங்க. அவர் விமானத்துக்குள்ள தலைகீழா, தலை மீட்டர் பலகைக்கு அடியில, காலு வெளியில.

"அப்பா, முகத்தைக் காட்டுங்கப்பா, பாப்பா பார்க்கட்டும்"னு பொண்ணு போன்ல கத்துது.

"இதோ, இந்த ஒரு வயரை மாட்டிட்டு"ன்னு உள்ளேர்ந்து சத்தம்.

போனை நீட்டி நீட்டிக் கை வலிச்சதுதான் மிச்சம். அம்மா சொல்லிட்டாங்க: "தாத்தான்னா ரெண்டு செருப்புன்னு நினைச்சுக்கிட்டுதான் உன் பொண்ணு வளருது."

குழந்தைக்குத் தலை நின்னப்ப, விமானத்துக்கு ஹீட்டர் போட்டாரு. "மேல போனா குளிரும். உனக்குக் குளிர் ஆகாது." அது குப்புற விழுந்தப்ப, சத்தம் வராம இருக்க உள்ள சுத்தி அட்டை அட்டையா ஒட்டினாரு. "உனக்குத் தலைவலி வரும்." அப்புறம் தரைக்குக் கம்பளம். அப்புறம் கால் வெச்சுக்க ஒரு பலகை. அப்புறம் வெயில் படாம இருக்க மறைப்பு. பழைய பெயிண்டைச் சுரண்டினா நாளாகும்னு அது மேலயே புது பெயிண்ட் ரெண்டு கோட்டிங். கடைசியில பக்கத்து சீட்டுக்கு மட்டும் தனியா, தடியா, தோல் உறை போட்ட மெத்தை. "எல்லாம் யாருக்காக? உனக்காகத்தான்"னாரு. அதுல பொய் இல்லீங்க. நிஜமாவே அந்த அம்மாவுக்காகத்தான் பண்ணினாரு. அதுதான் இந்த ரகத்துக்காரங்ககிட்ட கஷ்டமே. திட்டவும் முடியாது.

அம்மாவுக்கு உள்ளுக்குள்ள வேற ஒரு கவலை. பிள்ளை வளர்த்தவங்களுக்குத் தெரியும். சின்னக் குழந்தை முதல்ல யார் தூக்கினாலும் போகும். பூனைக்குட்டி மாதிரி. ஒரு பருவம் வரும், அப்ப முகம் தெரிய ஆரம்பிச்சிடும். தினம் பார்க்கிற முகம்னா சிரிக்கும், புது முகம்னா உதட்டைப் பிதுக்கி ஊரைக் கூட்டிடும். அந்தப் பருவம் வர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துடணும். சொந்தப் பேத்தி தன்னைப் பார்த்து யாரோன்னு அழுதா அதைத் தாங்க முடியாது. இதை அவர்கிட்ட ரெண்டு தடவை சொன்னாங்க. ரெண்டு தடவையும் "மெத்தை வந்துடட்டும்"னாரு.

ஏன் இந்த ஆளு கிளம்ப மாட்டேங்குறாருன்னு அம்மா ராத்திரியும் பகலுமா யோசிச்சிருக்காங்க. பயமா? இல்ல. லைசென்ஸ் செத்துடாம இருக்க, க்ளப்பு விமானத்துல வாத்தியாரோட அப்பப்ப ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வருவாரு. அப்ப என்ன? பறந்துட்டா அப்புறம் அது வெறும் விமானம். பறக்காத வரைக்கும் எப்படி வேணா இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

கடைசியில மெத்தையும் வந்துடுச்சு. பறக்க அனுமதி குடுக்க இன்ஸ்பெக்டர் வந்தாங்க. பொம்பளை இன்ஸ்பெக்டர். அதிகம் பேசாதவங்க. அம்மாவும் கிளம்பற பெட்டியோடவே மைதானத்துக்கு வந்துட்டாங்க. கையெழுத்து ஆன கையோட ஏறிடலாம்னு.

இன்ஸ்பெக்டர் சுத்தி வந்தாங்க. தட்டிப் பார்த்தாங்க, இழுத்துப் பார்த்தாங்க. "அழகா இருக்கு"ன்னாங்க. அவர் ஒரு சுத்து பெருத்துட்டாரு. "இவ்வளவு சாமான் மாத்தியிருக்கீங்க, எடை போடணும்"னாங்க.

மூணு சக்கரத்துக்கும் அடியில மூணு தராசு வெச்சு, விமானத்தை மெதுவா அது மேல ஏத்தினாங்க. இன்ஸ்பெக்டர் மூணையும் கூட்டினாங்க. இன்னொரு தடவை கூட்டினாங்க. அப்புறம் கதவுக்குப் பக்கத்துல விமானம் செஞ்சவங்க அடிச்சு வெச்ச தகட்டைப் பார்த்தாங்க. இவ்வளவு எடைக்கு மேல தூக்காதுன்னு அதுல இருக்கு.

"ஒரு ஆள், பெட்ரோல், போகலாம்"னாங்க.

"ரெண்டு சீட்டு இருக்குங்களே" அவர்.

"இருக்கு. ரெண்டு பேரும் உட்காரலாம். ஆனா பெட்ரோல் போடக் கூடாது."

"பெட்ரோல் இல்லாம எப்படிங்க பறக்கிறது?"

"பறக்க முடியாது. உட்காரலாம்."

மெக்கானிக் கூட அன்னைக்கு 'போட்டுடலாம்'னு சொல்லல. நம்ம ஆளு அந்தத் தகட்டையே பார்த்துக்கிட்டு நின்னாரு. "இதைக் கொஞ்சம் ஏத்த முடியாதா?"

"அந்த ஒரு நம்பரை மட்டும் யாரும் புதுசாக்க முடியாதுங்க."

ஹீட்டர், கம்பளம், அட்டை, பலகை, மறைப்பு, பெயிண்ட், மெத்தை. பக்கத்துல உட்காரப் போறவங்களுக்காகச் சேர்த்தது எல்லாம் சேர்ந்து, பக்கத்துல யாரும் உட்கார முடியாம ஆயிடுச்சு. இப்ப ஒரு சாதாரண மனுஷன் என்ன சொல்லியிருப்பான்? "சரி, மெத்தையைக் கழட்டு, கம்பளத்தைத் தூக்கி எறி"ன்னு சொல்லியிருப்பான். நம்ம ஆளு மெத்தையைத் தடவிப் பார்த்தாரு. கம்பளத்தைப் பார்த்தாரு. அப்புறம் மெதுவாத் திரும்பி வீட்டம்மாவைப் பார்த்தாரு.

"நீ இப்ப எவ்வளவு இருப்ப?"

இன்ஸ்பெக்டர் சட்டுனு குனிஞ்சு பேப்பர்ல எதையோ தேட ஆரம்பிச்சாங்க. மெக்கானிக் டயர்ல காத்து இருக்கான்னு பார்த்தாரு.

"நான் விமானம் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியேதாங்க இருக்கேன்"னாங்க அம்மா. "ஏறினது நான் இல்ல."

"இல்ல, சும்மா ஒரு பேச்சுக்கு. ஒரு ரெண்டு மாசம் ராத்திரி சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சேன்னா..."

ரெண்டு மாசம். அதுக்குள்ள குழந்தை தவழ்ந்து வாசலுக்கே வந்துடும். அம்மா கீழ வெச்ச பெட்டியைக் கையில எடுத்தாங்க. விமானத்தோட ரெக்கைக்கு அடியில குனிஞ்சு, மைதானத்தைத் தாண்டி, ரோட்டுக்குப் போய், வந்த முதல் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிட்டாங்க. ஜன்னல் பக்கம் இடம் கிடைச்சுது. எடை எவ்வளவுன்னு கண்டக்டர் கேக்கல.

போய் இறங்கினப்ப இடுப்பு தனியாத்தான் இறங்கிச்சு. பொண்ணு கதவைத் திறந்துச்சு, இடுப்புல குழந்தை. குழந்தை பார்த்துச்சு. பார்த்துக்கிட்டே இருந்துச்சு. கீழ் உதடு லேசா வெளிய வந்துச்சு. அம்மா தினம் போன்ல கூப்பிடுற மாதிரியே, "என்னடி என் கட்டித் தங்கம்"னாங்க. உதடு உள்ள போச்சு. கையை நீட்டி அம்மா மூக்கைப் பிடிச்சு இழுத்துச்சு பாருங்க, ரத்தம் வராத குறை. அம்மா அப்படியே அழுதுட்டாங்க. மூக்கு வலியிலன்னு பொண்ணுகிட்ட சொன்னாங்க.

இங்க கொட்டகையில என்ன நடந்துச்சு?

"அம்மாதான் பஸ்ல போயிட்டாங்களே, எடைப் பிரச்சனை தீர்ந்துச்சு கேப்டன்"னாரு மெக்கானிக். கேப்டன்னு அவர் ஒருத்தர்தான் கூப்பிடுவாரு, அதுவும் சிரிக்காம.

அதுதான் உண்மை. ஒரு ஆளுக்கு இன்ஸ்பெக்டர் கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டாங்க. பறக்க எந்தத் தடையும் இல்ல. அவர் சில நாள் விமானத்துக் கண்ணாடியைத் துடைச்சாரு. சில நாள் ஏதாவது குறை இருக்கான்னு டார்ச் அடிச்சுத் தேடினாரு. கிடைக்கல. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு பொருள் அவர்கிட்ட முடிஞ்சு போய் நிக்குது. பாவம், அவருக்கு எங்க பார்க்கிறதுன்னே தெரியல.

அப்ப அம்மா போன் பண்ணினாங்க. "ஆரம்பிச்சிடுச்சுங்க. நேத்து பக்கத்து வீட்டுக்காரர் தூக்க வந்தாரு, கத்தித் தீர்த்துட்டா. இனிமே புது முகம் ஆகாது. வர்றதா இருந்தா இப்பவே வாங்க. மெத்தையோடவே வாங்க, நான் ஒண்ணும் சொல்லல."

மறுநாள் வெளிச்சம் வந்தவுடனே கிளம்பிட்டாரு. நல்லபடியாத்தான் பறந்தாரு, அதையும் சொல்லணும். ஹீட்டர் கதகதன்னு இருந்துச்சு. சத்தமே இல்ல. ஆறு தெரிஞ்சப்ப, "அங்க பாரு, ஆறு"ன்னு பக்கத்து சீட்டுக்குக் காட்டினாராம். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சாம். அதுக்கப்புறம் வழி முழுக்க எதையும் காட்டலையாம். இதை அவரேதான் சொன்னாரு.

மாப்பிள்ளை போய் அழைச்சுட்டு வந்தாரு. வாசல்ல அம்மா, இடுப்புல பேத்தி. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, ரெண்டு கையையும் ரெக்கை மாதிரி விரிச்சுக்கிட்டு, "வந்துட்டான் பாரு தாத்தா!"ன்னு கிட்டப் போனாரு.

குழந்தை அவரை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பார்த்துச்சு. தராசுல வெச்ச மாதிரி. அப்புறம் வாயைத் திறந்துச்சு. தெருக்கோடியில நாய் எழுந்து குரைச்சுது, அப்படி ஒரு கத்தல். அவர் ஒரு அடி பின்னால வந்தா நிறுத்துது, ஒரு அடி முன்னால போனா கத்துது.

"ஒண்ணும் இல்லப்பா"ன்னு பொண்ணு சமாதானம் சொல்லிச்சு. "புது முகம்ல? ஒரு பத்து நாள் இங்கயே கூட இருங்க. பக்கத்துல சும்மா உட்கார்ந்திருங்க. தானா வந்துடுவா."

"ஆமாங்க"ன்னாங்க அம்மா. "வேற ஒண்ணுமே செய்ய வேணாம். சும்மா உட்கார்ந்தா போதும்." அவங்க குரல்ல கிண்டல் இல்ல. நிஜமாவே கெஞ்சினாங்க.

அவர் சுவர்ல இருந்த கண்ணாடி முன்னாடி போய் நின்னாரு. தன் முகத்தை இப்படித் திரும்பி ஒரு தடவை, அப்படித் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கிட்டாரு.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க, நல்லா சிரிங்க. ஆனா உங்க வீட்லயும் யாருக்காகவோ எதையோ சரிபண்ணிக்கிட்டே இருக்கீங்கள்ல? பொண்டாட்டிக்காக ஒரு சமையல்கட்டு, பையனுக்காக ஒரு மாடி, அப்பாவைக் கூட்டிட்டுப் போறதுக்காக ஒரு காரு. இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கின்னு சொல்றீங்கள்ல? யாருக்காகப் பண்றீங்களோ அவங்க இப்ப எந்த பஸ்ல இருக்காங்கன்னு ஒரு போன் போட்டுப் பாருங்க. அப்புறம் வந்து சிரிக்கலாம்.

அன்னைக்குக் காலையில நடந்ததை முடிச்சிடறேன். கண்ணாடி முன்னாடி நின்னவர், போட்டிருந்த மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாரு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு. முகம் தெளிஞ்சுடுச்சு. திரும்பி, எல்லாருக்கும் தைரியம் சொல்ற மாதிரி சொன்னாரு:

"என்னைப் பார்த்து அழலம்மா. இந்த ஃபிரேம்தான் கருப்பா, தடியா இருக்கு, குழந்தை பயப்படத்தானே செய்யும்? நீங்க அவளைப் பார்த்துக்குங்க. நான் ஊருக்குப் போய் லேசா ஒண்ணு மாத்திட்டு அடுத்த வாரம் வந்துடறேன்."